பாறையின் கீழே ஒரு வண்டிப்பாதை

பாறையில் தொங்கிக்கொண்டிருக்கிற ஒருவன் வாயிலிருந்து வருகிற வசை அவனோடும் அந்தப் பாறையோடும் போய்விடும், அதைப் பற்றிப் பிறர் கவலைப்பட வேண்டியதில்லை என்று பொதுவாக எண்ண இடமுண்டு. ஆனால் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, நியூ பால்ட்ஸ் என்ற சிற்றூரை அடுத்து நிற்கும் ஷாவன்கங்க் மலைத்தொடரில், டிராப்ஸ் எனப் பெயர்பெற்ற நெடுஞ்சுவரின் அடிவாரத்தை ஒட்டியே ஒரு வண்டிப்பாதை வளைந்து செல்கிறபடியால், அங்கே நூறடி உயரத்தில் ஒருவன் ஆத்திரத்தில் உதிர்க்கிற சொல், கீழே குழந்தையின் கையைப் பிடித்து நடந்துபோகிற தாயின் காதில் சுத்தமாக விழுந்துவிடுகிறது. மலையேறுகிறவர்களுக்குள் சபை மரியாதை என்பது எப்படி உண்டாயிற்று, அதை யார் எதற்காக மீறினார்கள், மீறியவர்களும் எதை மீறத் துணியவில்லை என்பதையெல்லாம் ஆராய விரும்புகிறவனுக்கு இந்த ஒரு பாதையைக் காட்டிலும் நல்ல இடம் அகப்படாது என்பது என் அபிப்பிராயம்.

பாதையைப் போட்டவர்கள் மலையேறிகள் அல்லர். ஆல்பர்ட் ஸ்மைலி, ஆல்ஃபிரட் ஸ்மைலி என்ற இரட்டைச் சகோதரர்கள், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர்கள், 1869-இல் மோஹாங்க் ஏரிக்கரையில் இருந்த ஒரு சிறிய சாராயக்கடை விடுதியை நிலத்தோடு விலைக்கு வாங்கி, அதைப் பெரியதொரு தங்கும் மாளிகையாக வளர்த்தார்கள். வாங்கியதும் அங்கே மது நின்றது. சீட்டாட்டமும் நடனமும் கூடாது என்று விதித்தார்கள். குடியும் கூத்தும் இல்லாத விடுதிக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு விடையாக, வருஷந்தோறும் பெரிய மனிதர்கள் வந்து கூடினார்கள். தேசங்களுக்கிடையே யுத்தத்துக்குப் பதிலாக மத்தியஸ்தத்தால் வழக்குகளைத் தீர்ப்பது எப்படி என்று 1895 முதல் 1916 வரை அங்கே மகாநாடுகள் நடந்தன. அப்படி வந்த விருந்தினர்கள் மாலை வேளையில் குதிரைவண்டியில் உலாவுவதற்காகவே மலையைச் சுற்றிப் பாதைகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று டிராப்ஸ் சுவரின் காலடியில் ஓடியது. ஆகவே, பிற்காலத்தில் அந்தச் சுவரில் ஏற வந்தவர்கள் தாங்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு சாந்தமான சமயக் குடும்பத்தின் வீட்டு முற்றத்திலேயே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாறையை ஏறுவதற்கு உரியதென்று முதலில் கண்டுகொண்டவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிரிட்ஸ் வீஸ்னர். 1935-இல் ஹட்ஸன் நதியோரத்துக் குன்று ஒன்றின் மேலிருந்து தூரத்தில் வெண்மையாக மின்னிய சுவரைப் பார்த்து, அதைத் தேடிச் சென்று, மில்புரூக் என்ற பகுதியில் முதல் ஏற்றத்தை முடித்தார். சில ஆண்டுகளில் அவரோடு சேர்ந்தவர் ஹான்ஸ் கிராஸ். இந்த வைத்தியர் திரியெஸ்தெ நகரத்தில் பிறந்தவர்; பின்னாளில் ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்குச் சிகிச்சை செய்து புகழ்பெற்றவர். சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்பது விநோதமான செய்தி. ஆபாசமென்று அமெரிக்காவில் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட ஒரு நாவலை எழுதியவரிடம் பாஷை பயின்ற மாணவர், பிற்பாடு பாறையில் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் நிலைநாட்டுகிற பதவியில் அமர்ந்தார். 1941-இல் வீஸ்னரும் கிராஸும் சேர்ந்து ஏறிய ‘ஹை எக்ஸ்போஷர்’ என்ற வழி இன்றும் அங்கே வருகிறவர்கள் ஒருமுறையாவது ஏறிப் பார்க்க ஆசைப்படுகிற வழி.

நடுவயதை எட்டிய சீமான்களும் வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஏறிய அந்தக் காலத்தில், பாறையின் மேல் அதிகாரம் செலுத்தியது அப்பலேச்சியன் மலைச் சங்கம். சங்கத்தின் பாதுகாப்புக் குழுவுக்குக் கிராஸ் தலைவர். முன்னேறிச் செல்கிறவர், அதாவது கயிற்றின் தலைப்பைக் கட்டிக்கொண்டு முதலில் ஏறுகிறவர், தம் தகுதியைச் சங்கத்தாரிடம் நிரூபித்து அனுமதி பெற்றிருக்க வேண்டும். எந்தத் தரத்து வழிவரையில் அவர் போகலாம் என்பதையும் சங்கமே தீர்மானித்தது. இடுப்பில் சுற்றிய கயிறு ஒன்றைத் தவிர வேறு காப்பு அதிகம் இல்லாத நாட்களில் இந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆபத்துக்காக ஏற்பட்ட விதி மெள்ள மெள்ள மனிதர்களின் சுபாவத்தையும் அளக்கத் தலைப்பட்டது.

இதற்கு லெஸ்டர் கெர்மரின் கதையைக் காட்டிலும் நல்ல சாட்சி இல்லை. எலக்ட்ரான்கள் அலைகளைப் போலவும் நடந்துகொள்கின்றன என்பதை 1927-இல் டேவிஸன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பரிசோதனையால் காட்டியவர் இவர்தான். அதற்கான நோபல் பரிசு பிறகு டேவிஸனுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஐம்பது வயதில் பாறையேறத் தொடங்கி, வருகிற போகிற இளைஞர்களையெல்லாம் கயிற்றில் கட்டி அழைத்துச் சென்று கற்பித்தவர். அவருக்கு ஒருமுறை தகுதிச்சான்று மறுக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம், அவர் மனிதர்களை மிகையாக நேசிக்கிறார், அவருக்கு உற்சாகம் அதிகம் என்பது! அவர் யாரையும் வைததாகவோ, விழுந்ததாகவோ, விழவைத்ததாகவோ குற்றச்சாட்டு இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் முன்னின்று ஏறியும் ஒருமுறைகூட விழாமல், 1971 அக்டோபரில் தம் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், அதே பாறையில் ஏறிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். மனிதரை நேசிப்பதைக் குறையாகக் குறித்துவைக்கிற மரியாதைக்கு எதிராக ஒரு கலகம் எழாவிட்டால்தான் ஆச்சரியம்.

கலகம் 1950-களின் பிற்பகுதியில் வந்தது. நியூயார்க் ஸிட்டி காலேஜில் படித்த மாணவர்கள் பெரும்பாலும் சேர்ந்த ஒரு கூட்டம், தங்களுக்கு ‘வல்கேரியன்கள்’, அதாவது கொச்சைக்காரர்கள், என்ற பெயரைப் பெருமையோடு சூட்டிக்கொண்டு வந்து இறங்கியது. சங்கத்தாரை அவர்கள் ‘ஆப்பி’கள் என்று ஏளனமாக அழைத்தார்கள். தகுதிச்சான்று கேட்பவரைக் கண்டபடி ஏசினார்கள்; இரவெல்லாம் குடித்துக் கூச்சலிட்டார்கள்; இவை போதாவென்று உடையில்லாமலும் ஏறினார்கள். டிரான்ஸிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான வில்லியம் ஷாக்லி 1953-இல் முதன்முதல் ஏறியதனால் ‘ஷாக்லியின் கூரை’ என்று பெயர்பெற்ற வழியில், டிக் வில்லியம்ஸ் என்ற இளைஞர் கயிற்றைத் தவிர வேறொன்றும் அணியாமல் ஏறுகிற புகைப்படம் அந்தக் காலத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. குவேக்கர் சகோதரர்கள் உயிரோடிருந்து குதிரைவண்டியில் அவ்வழியே வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று கற்பனை செய்வதை வாசகர்களுக்கே விடுகிறேன். ஆனால் இந்தக் கொச்சைக்காரர்கள் ஏறத் தெரியாத வெறும் போக்கிரிகள் அல்லர். அந்நாளில் அப்பாறையில் மிகக் கடினமான வழிகளை ஏறியவர்களுள் பலர் அவர்களே. சங்கத்தின் அதிகாரம் 1960-களின் தொடக்கத்திலேயே கரைந்துபோனதற்கு அவர்களுடைய வாயைக் காட்டிலும் அவர்களுடைய விரல்களே காரணம்.

இவ்வளவையும் மீறியவர்கள் மீறாத ஒன்று இருந்தது. அது கயிற்றின் இரு முனைகளிலும் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முறை. ஷாவன்கங்க் பாறை வெள்ளைக் கூழாங்கற்கள் இறுகிப் பாளம்பாளமாக அடுக்கியது போன்றது. இடையிடையே வீட்டுத் தாழ்வாரம் போல முன்தள்ளிய கூரைகள் உண்டு. முன்னே ஏறியவர் அப்படிப்பட்ட கூரையைத் தாண்டியவுடன் கீழேயிருப்பவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார். பிறகு இருவருக்கும் நடுவே கயிறும் குரலும்தான் மிச்சம். மேலே திண்டு ஒன்றை அடைந்து, முளையடித்துத் தம்மைக் கட்டிக்கொண்டவர் ‘ஆஃப் பிலே’ என்று கூவினால், கீழேயிருப்பவர் அதுவரை தம் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த கயிற்றை விடலாம் என்று அர்த்தம். மேலேயிருப்பவர் மிச்சக் கயிற்றை இழுத்துக்கொள்ள, அது கீழேயிருப்பவர் இடுப்பில் வந்து இறுகியதும் இவர் ‘தட்ஸ் மீ’ என்கிறார். அப்புறம் ‘ஆன் பிலே?’, அதாவது கயிற்றைப் பிடித்தாயிற்றா, என்று கேள்வி. ‘பிலே ஆன்’ என்று விடை. ‘கிளைம்பிங்’ என்று அறிவிப்பு. ‘கிளைம்ப்’ என்று அனுமதி. இந்த விடை காதில் விழாமல் கால் எடுத்து வைப்பவன் மடையன். ஒரே நேரத்தில் பத்துக் கயிறுகள் தொங்குகிற ஞாயிற்றுக்கிழமையில் அடுத்த கயிற்றுக்காரர் கூவிய ‘ஆஃப் பிலே’யைத் தம் தோழர் கூவியதாக எண்ணிக் கயிற்றை விட்டுவிடக்கூடும் என்பதனால், ஒவ்வொரு கூவலுக்கும் முன்னால் ஆளின் பெயரைச் சொல்லுவது வழக்கமாயிற்று.

இந்தச் சிறிய பரிபாஷைக்குள் எவ்வளவு யோசனை அடங்கியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கயிறு தொய்ந்துவிட்டது, இழுத்துக்கொள் என்று சொல்ல விரும்புகிறவன், இயல்பாக வாயில் வருகிறபடி ‘டேக் அப் ஸ்லாக்’ என்று சொல்லக் கூடாது. ஏனெனில் காற்று முதல் இரண்டு வார்த்தைகளைக் கொண்டுபோய்விட்டால் மேலேயிருப்பவர் காதில் ‘ஸ்லாக்’ ஒன்றுதான் விழும், அவர் தொய்வு வேண்டுமென்று கேட்கிறான் போலும் என்று இன்னும் கயிற்றை விட்டுக்கொடுப்பார். ஆகையால் அதற்கு ‘அப் ரோப்’ என்றே சொல்ல வேண்டும். கல் பெயர்ந்தால் ‘ராக்’ என்று கத்த வேண்டும். விழுவது கல்லாயினும் இரும்பு வளையமாயினும் தண்ணீர்க் குடுவையாயினும் கூவல் அதுவே. கேட்டவர்கள் என்ன விழுகிறதென்று அண்ணாந்து பாராமல் பாறையோடு உடலை ஒட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கீழே வீசுமுன் ‘ரோப்’. கீழே நடக்கிறவர் யாராயிருந்தாலும், அறிமுகம் இல்லாதவரானாலும், வயதிலோ அந்தஸ்திலோ எவ்வளவு பெரியவரானாலும், அவருக்கும் இந்தச் சத்தந்தான். தேர் வடம் பிடிக்கிற நாளில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் தர்மகர்த்தாவைப் பார்த்து ‘நில்லு’ என்று அதட்டினால் அவர் அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை அல்லவா?

ஆகவே பாறையின் மேல் வசைச்சொல்லை நாம் எந்தத் துலாக்கோலால் நிறுப்பது என்ற கேள்வி எழுகிறது. விரல் வழுக்குகிற கணத்தில் ஒருவன் தன்னையும் தன் விதியையும் நொந்துகொண்டு உதிர்க்கிற ஒரு சொல்லை நான் பெரிதாக எண்ணமாட்டேன்; பயத்துக்கும் ஒரு பாஷை வேண்டும், அது இலக்கணம் பார்த்து வருவதில்லை. ஆனால் கல்லைத் தள்ளிவிட்டவன் முதலில் வைதுவிட்டுப் பிறகு ‘ராக்’ என்பானானால், கீழேயிருக்கிறவன் உயிர் பிழைப்பதற்கு இருந்த அரை விநாடியை அவன் வசை தின்றுவிட்டது. அவனே உண்மையான கொச்சைக்காரன். தோல்வியடைந்த ஆத்திரத்தில் கால்மணி நேரம் இடைவிடாமல் கூச்சலிட்டு, பக்கத்துக் கயிற்றில் இருப்பவர்களின் கூவல்களைக் கேட்கவொட்டாமல் செய்கிறவனும் அந்த இனத்தைச் சேர்ந்தவனே. அவன் சொல்வது வேதமந்திரமாக இருந்தாலும் குற்றம் குற்றமே.

ஆத்திரத்திலன்றி வேடிக்கைக்காக வைவது வேறு ரகம். 1960-இல் ஜிம் மெக்கார்த்தி முதன்முதல் ஏறிய கடுமையான வழி ஒன்றுக்கு ‘எம்.எஃப்.’ என்று பெயர். அது தாயைச் சேர்த்து ஏசுகிற ஆங்கில வசையின் இரண்டெழுத்துச் சுருக்கம். கலகக்காரர்கள் கோலோச்சிய காலத்திலும் அதை முழுப்பெயராக எழுதாமல் எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கொச்சைக்காரர்கள் ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள். அதன் பக்கங்களில் எழுதக்கூடாததையெல்லாம் எழுதினார்கள். ஆயினும் வழிகளின் பெயர்கள் அச்சாகிற வழிகாட்டிப் புத்தகம் தாய்தந்தையரும் புரட்டிப் பார்க்கிற புத்தகமாயிற்றே!

பாறையும் அதைச் சூழ்ந்த நிலமும் 1963-இல் ஏற்பட்ட மோஹாங்க் டிரஸ்டின் பொறுப்பில் வந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஜான் ஸ்டானர்ட் போன்ற மலையேறிகள், பாறை வெடிப்புகளில் இரும்பு முளைகளை அடித்தடித்து வெடிப்புகளே சிதைந்துபோவதைக் கண்டு வருந்தி, சுத்தியல் இல்லாமல் கையாலேயே செருகி எடுக்கக்கூடிய உலோகக் கட்டைகளைப் பயன்படுத்தும்படி ஓயாமல் வாதாடி வெற்றி பெற்றார்கள். அதனால் பாறை பிழைத்தது. கூடவே, அதுவரை சுவர் நெடுக ஒலித்துக்கொண்டிருந்த சுத்தியலின் ஓசையும் அடங்கிற்று. அந்த ஓசைக்குள் மறைந்திருந்த மனிதக் குரல்கள் வெட்டவெளியில் வந்து நின்றன. உடையின்றி ஏறிய டிக் வில்லியம்ஸோ, 1970-இல் நியூ பால்ட்ஸில் ஏற்றச் சாமான்கள் விற்கிற கடையொன்றைத் திறந்து, 1972-இல் அந்தப் பாறைக்கே வழிகாட்டிப் புத்தகமும் எழுதி, புதிதாக வருகிறவர்களுக்கு எது எப்படி என்று எடுத்துச் சொல்லும் பெரியவராக மாறிவிட்டார்.

இப்போது அந்த வண்டிப்பாதையில் குதிரைவண்டிகளைக் காட்டிலும் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களுமே அதிகம். பாதையில் நடப்பதற்கு ஒரு கட்டணமும், பாறையில் ஏறுவதற்கு அதைவிடக் கூடுதலான கட்டணமும் வசூலிக்கிறார்கள். மேலேயிருந்து விழுகிற சொற்களைக் கேட்க நேர்வதை உத்தேசித்து நடப்பவர்களுக்குத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அதை மறுப்பதற்கு எனக்கு மனம் வராது.