ரேந்தை வணிகரின் கொடிவழி

இன்றைய உரையை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். 'ரேந்தை' என்பது அச்சொல். உயர்தர வகுப்பிலே பிறமொழிச் சொற்கள் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். அலுமாரி, சப்பாத்து, கதிரை, யன்னல் எனப் போர்த்துக்கேயர் வழியாக நமக்கு வந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றோடு 'ரெந்தா' என்பதிலிருந்து வந்த ரேந்தையையும் சேர்த்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், சொல்லு போர்த்துக்கலிலை இருந்து வந்தது சரி. சாமான் எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. காலி, வெலிகமப் பகுதிகளிலே மரக் கதிர்களில் நூல் சுற்றி, திண்டின் மீது பின்னப்படுகின்ற பீரலு ரேந்தை உண்டு. அது கைவேலை. கடையிலே முழக் கணக்கில் வாங்கித் தலையணை உறைக்கு வைத்துத் தைக்கின்ற ரேந்தையோ இயந்திரத்தில் பிறந்தது. அந்த இயந்திரத்தின் பிறந்தகம் இங்கிலாந்தின் நடுப்பகுதி. அவ்வளவோடு வகுப்பிலே மறுமொழி சொல்லி முடித்துவிட்டேன். ஆனால் மனம் அமையவில்லை. அந்த ரேந்தையை விற்றவர்கள் யார்? அவர்களின் தந்தையர் யார்? பாட்டன்மார் யார்? இக்கேள்விகளோடு சில மாதங்கள் படித்ததன் சாரமே இந்த உரை.

நொட்டிங்ஹாம் நகரிலே 'ரேந்தைச் சந்தை' என்றொரு பகுதி இன்றும் உள்ளது. பெயர் சந்தையாயினும், அங்கே கூடைகளை விரித்து எவரும் கூவி விற்றதில்லை. நெடிய செங்கற் கட்டடங்களின் தொகுதி அது. தறிகளிலிருந்து பழுப்பு நிறத்தில் வரும் ரேந்தையை வணிகர் வாங்குவர். அதை வெளுப்பித்து, கஞ்சியிட்டு, விறைப்பாக இழுத்து உலர்த்தி, அறுந்த கண்களைப் பெண்களைக் கொண்டு தைப்பித்து, மடித்துப் பெட்டியிலிட்டு உலகெங்கும் அனுப்புவர். அத்தெருக்களில் ஒன்றிலே பேர்க்கின் என்னும் குடும்பத்தின் பெயர் தாங்கிய கட்டடம் நிற்கிறது. 1850களில் எழுந்தது, வரைந்தவர் தோமஸ் சேம்பர்ஸ் ஹைன் என்னும் கட்டடக் கலைஞர்.

பேர்க்கின் என்ற பெயரை நேயர்கள் வேறு வழியாக அறிந்திருக்கக்கூடும். 2023இல் காலமான நடிகையும் பாடகியுமான ஜேன் பேர்க்கின் இக்குடும்பத்தின் வழித்தோன்றல். பெருஞ்செல்வப் பெண்கள் கையிலேந்தும் ஒரு வகைக் கைப்பைக்கு அவருடைய பெயரே வழங்குகிறது. 1929இலும் 1931இலும் லீ மான் மோட்டார் பந்தயத்தில் வென்ற ரிம் பேர்க்கினும் இக்குடும்பத்தவரே. பின்னர் எட்டாம் எட்வேர்ட் மன்னராகிய இளவரசரின் நெஞ்சுக்கு நெடுங்காலம் நெருக்கமாயிருந்த பிரீடா டட்லி வோர்ட் என்ற சீமாட்டியும் இக்குடும்பத்தில் பிறந்தவரே.

இவர்களிலிருந்து பின்னோக்கி ஏறிச் செல்வோம். முதலில் எதிர்ப்படுபவர் சேர் தோமஸ் ஐசக் பேர்க்கின். 1905ஆம் ஆண்டிலே 'பரனெற்' என்னும் பரம்பரைப் பட்டம் பெற்றவர். இவ்வாறு பட்டம் பெற்ற குடும்பங்களின் வம்சாவளி அச்சு நூல்களிலேயே கிடைக்கும். தேடுவோனுக்கு உழைப்பே இல்லை. அவருக்கு மேலே அவருடைய தந்தை றிச்சர்ட் பேர்க்கின். நொட்டிங்ஹாம் நகரபிதாவாகப் பல முறை இருந்தவர். நகரசபைக் குறிப்புகள், பத்திரிகைகள், வணிகர் விபரக் கொத்துகள் எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். இதுவரை வழி அகலமான வீதி.

றிச்சர்ட் பிறந்தது 1805இல், டார்பிஷயரிலுள்ள பெல்பர் என்னும் ஆலைக் கிராமத்தில். ஸ்ட்ரட் குடும்பத்தாரின் பருத்தி ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்கே எளிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்து, சிறு பிராயத்திலேயே உழைக்கத் தொடங்கியவர் அவர். மகன் பரனெற், தந்தை ஆலைக் கிராமத்துப் பிள்ளை. ஒரே ஒரு தலைமுறைதான் இடையில்! ஆனால் அந்தப் பிள்ளைக்கு மேலே ஏற முயன்றால் வீதி ஒழுங்கையாகி, ஒழுங்கை ஒற்றையடிப் பாதையாகிவிடுகிறது.

ஏன் அப்படி? இதனை விளங்கிக்கொள்ள அந்நாட்டின் ஏடுகளைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பிறப்பு, இறப்பு, விவாகம் என்பவற்றை அரசு பதியத் தொடங்கியது 1837ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி. அதற்கு முந்திய செய்திகளுக்குக் கோயிற்பற்றுப் பதிவேடுகளே கதி. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த தோமஸ் குரொம்வெல் 1538இல் இட்ட கட்டளையால் எழுந்தவை அவை. குடிசன மதிப்பீட்டிலே ஆளாளாகப் பெயர் கிடைப்பது 1841 முதல். அதிலும் ஒரு பொறி உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதும்படி அவ்வாண்டு பணிக்கப்பட்டது. முப்பத்துநான்கு வயதுக்காரர் ஏட்டிலே முப்பது ஆகிவிடுவார்! 1851இலேதான் பிறந்த ஊர் எது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற விபரங்கள் தெளிவாகின்றன. ஆகவே, 1851க்கு முன் இறந்துபோன ஒரு பாட்டனின் பிறந்த ஊரைக் காண்பது, வைக்கோற்போரிலே விழுந்த ஊசியைத் தேடுவது போன்றது.

மதமும் இடையே வந்து நிற்கும். இதற்கு வில்லியம் பெல்கின் என்ற மற்றொரு ரேந்தை வணிகரைச் சொல்லலாம். 1795இல் இல்க்கெஸ்ரன் என்னும் ஊரிலே பிறந்தவர். அவருடைய தந்தை காலுறை பின்னும் தறியிலிருந்து எழுந்து பப்திஸ்த சபையின் போதகரானவர். பப்திஸ்தர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எனவே அத்தகைய வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கோயிற்பற்று ஞானஸ்நானப் பதிவேட்டிலே தேடிப் பயனில்லை. அரசு சமயத்தைச் சேராதவன் அரசின் ஏட்டிலும் சேர்வதில்லை.

ஏடு கிடைக்காத இடத்திலே கதை முளைக்கும். இது எந்த நாட்டுக்கும் பொதுவான வழக்கு. ரேந்தைத் தொழிலோடு தொடர்புடைய குடும்பங்கள் பலவற்றிலே, "நாங்கள் பிரான்சிலிருந்து வந்த ஹியூகனொட் அகதிகளின் வழி" என்றொரு பேச்சு வழங்கிவருகிறது. 1685இலே பதினான்காம் லூயி மன்னன், புரட்டஸ்தாந்தருக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியபோது பல்லாயிரவர் தப்பி இங்கிலாந்து சேர்ந்தது உண்மை. ஆனால் பதிவேட்டிலே தேடினால் அந்தப் பிரெஞ்சுப் பாட்டன் அநேகமாக அகப்படுவதில்லை. அவ்விடத்திலே அகப்படுபவர் யார்? காலுறைத் தறிகாரர்.

இங்கேதான் உண்மையான மூதாதையைக் காண்கிறோம். 1589இல் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் தறியை அமைத்தார். நொட்டிங்ஹாமுக்கு அண்மையிலுள்ள கல்வேர்ட்டன் அவருடைய ஊர் என்பது மரபு. அத்தறி இருநூறு ஆண்டுகளில் அயற் கிராமங்களின் வீட்டு யன்னலோரங்களுக்கெல்லாம் பரவியது. தறியோ பெரும்பாலும் முதலாளியுடையது. தொழிலாளி வாடகை கொடுத்து உழைத்தான். அத்தறியிலே வலைக்கண் பின்ன முயன்ற முயற்சிகளின் வழியாகவே ரேந்தை இயந்திரம் வந்தது. 1808இலும் 1809இலும் ஜோன் ஹீத்கோட் காப்புரிமை பெற்ற இயந்திரம் கைப்பின்னலை ஒத்த வலையைத் தந்தது. 1813 அளவில் ஜோன் லீவர்ஸ் அமைத்த இயந்திரம் பூவேலைக்கு வழிகாட்டியது.

இந்தக் கொடிவழியிலே இரத்தக் கறையும் உண்டு. கூலி குறைந்து வயிறு காய்ந்த தறிகாரர் 1811 முதல் இரவிரவாகத் தறிகளை உடைத்தனர். லுடைற்றுகள் என்று வரலாறு அவர்களைக் குறிக்கிறது. தறி உடைப்பவனுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் வந்தபோது, அதற்கு எதிராகப் பிரபுக்கள் சபையில் எழுந்து பேசியவர் கவிஞர் பைரன். அவருடைய நியூஸ்ரெட் மாளிகை நொட்டிங்ஹாம்ஷயரிலேயே இருந்தது. அயலவரின் பசியைக் கண்ணாற் கண்டவர் பேசினார், சபை கேட்கவில்லை. 1816 யூன் 28ஆம் திகதி இரவு, லவ்பரோ நகரிலிருந்த ஹீத்கோட்டின் ஆலையிலே 55 இயந்திரங்கள் தகர்க்கப்பட்டன. அதற்காகச் சிலர் தூக்கிலேறினர். ஹீத்கோட் தொழிலை டெவன் பகுதியிலுள்ள டிவேர்ட்டனுக்குப் பெயர்த்துச் சென்றார். அவரோடு தொழிலாளர் குடும்பங்களும் சென்றன. ஒரு குடும்பத்தின் பெயர் லவ்பரோ ஏட்டில் திடீரென மறைந்து டிவேர்ட்டன் ஏட்டில் தோன்றுமானால், அதன் காரணம் அந்த ஓர் இரவு.

வேறு சிலர் கடல் கடந்து பிரான்சின் கலே நகரில் தறியிட்டனர். 1848இல் பிரான்சிலே புரட்சி மூண்டது, தொழில் நின்றது. அந்த அந்நியத் தொழிலாளரை யார் கவனிப்பார்? ஏழைகளாய் இங்கிலாந்துக்குத் திரும்புவதை விட, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புமாறு அவர்கள் மனுச் செய்தனர். அதே ஆண்டில் மூன்று கப்பல்கள் அவர்களை ஏற்றிச் சென்றன. அவற்றின் பிரயாணிகள் பட்டியலே இன்று அவர்களின் சந்ததியார்க்குத் திறவுகோல். பெயர், வயது, தொழில் என ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லையேல் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே தெரியாது போயிருக்கும்.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு நாங்கள் புறப்பட்டபோது நான் பாடசாலை மாணவன். மழையிலே, சனத்தோடு சனமாக நகர்ந்த அந்த இரவில், அம்மாவின் கையிலே ஒரு துணிப்பை இருந்தது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், எங்கள் சாதகக் குறிப்புகள். நகைப் பெட்டியைக்கூட அண்ணனிடம் கொடுத்தவர், அந்தப் பையை ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

நேயர்களே, இனி நான் சொல்வதுதான் இத்தேடலில் என்னைப் பெரிதும் உலுக்கியது. இங்கிலாந்தில் 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமாயிற்று. பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், வதிவிடம், தொழில் என்று நிரல்கள். தொழிலுக்கு ஒரே ஒரு நிரல். அதிலே தந்தையின் தொழிலை எழுதுவதே வழக்கம். தாய்க்குப் பெயர் உண்டு, தொழில் இல்லை. ஆனால் ரேந்தைத் தொழிலைத் தாங்கியவர்கள் யார்? வலையிலே ஊசியால் பூ வேலை செய்தவர்களும், அறுந்த கண்ணைத் தைத்தவர்களும், ஓரம் வெட்டியவர்களும் பெண்கள். அகலமாகப் பின்னப்பட்ட ரேந்தையைத் துண்டு துண்டாகப் பிரிக்க இடை நூலை உருவியவர்கள் குழந்தைகள். 1840களில் ஆராய்ந்த அரச ஆணைக்குழு, பால்குடி மறந்தும் மறவாத பிள்ளைகளைக்கூட அவ்வேலையிலே கண்டது.

1860 சனவரியிலே நொட்டிங்ஹாமில் நடந்த ஒரு கூட்டத்தில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் விடியற்புறம் இரண்டு மூன்று மணிக்கே படுக்கையிலிருந்து இழுக்கப்பட்டு, இரவு பத்துப் பன்னிரண்டு மணிவரை வேலை வாங்கப்படுவதாக மாவட்ட நீதவான் ஒருவரே கூறினார். கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலிலே இதனை எடுத்தாண்டிருக்கிறார். அந்நூல் வெளிவந்தது 1867இல். முன்னர் நான் குறிப்பிட்ட வில்லியம் பெல்கின், நகரபிதாவாக இருந்து, பின் 1864இல் வணிகம் நொடித்துப்போன நிலையிலே, காலுறை, ரேந்தைத் தொழில்களின் பெரும் வரலாற்றை எழுதினார். அதுவும் வெளிவந்தது 1867இல்தான். ஒரே நகரம், ஒரே தொழில், ஒரே ஆண்டு, இரண்டு நூல்கள். ஒன்றிலே இயந்திரம் கண்டவர்களின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. மற்றதிலே பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயரில்லை. பெல்கினைக் குறைகூற நான் வரவில்லை. அவர் எழுதாதிருந்தால் தறிகாரர் பலரின் பெயரே நமக்குக் கிடைத்திராது. எனினும், வணிகரின் கொடிவழி நமக்கு முழுதாகக் கிடைப்பதும், அவருக்கு உழைத்தவளின் கொடி வேரோடு மறைவதும் தற்செயலன்று என்பதை நாம் உணர்தல் வேண்டும். ஏட்டிலே யாருக்கு நிரல் போடுகிறோமோ அவருக்கே வரலாறு வாய்க்கிறது.

மறுவாரம் வகுப்பிலே ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒவ்வொருவரும் தத்தம் முன்னோரின் பெயர்களை நான்கு தலைமுறைக்கு எழுதிவர வேண்டும். தந்தை வழியிலே பலர் பூட்டன் வரை எழுதியிருந்தனர். காணி உறுதிகள் உதவியிருந்தன. தாய் வழியிலோ அநேகமாக எல்லாத் தாள்களும் அம்மம்மாவோடு நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறுமை. இடம்பெயர்விலே எல்லாவற்றையும் இழந்த ஒரு மாணவன் தன் பெயரையும் தாய் தந்தையர் பெயரையும் மட்டும் எழுதித் தந்தான். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேள்வி கேட்ட அந்த மாணவி, தாள்களை எல்லாம் சேர்த்து என்னிடம் தந்துவிட்டு, "சேர், நீங்கள் எழுதேல்லையோ?" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். அம்மம்மாவின் தாயார் பெயர் எனக்குத் தெரியவில்லை. அம்மம்மாவின் வெள்ளைச் சட்டையின் கழுத்தோரம் இருந்த ரேந்தையின் பூ நினைவில் இருக்கிறது. அவரைப் பெற்றவளின் பெயர் தெரியவில்லை. அன்று மாலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "சின்னாச்சி எண்டுதான் கூப்பிடுறவை. பதிஞ்ச பேர் என்னவெண்டு தெரியாதடா தம்பி" என்றார்.

என் தாளிலே அந்தப் பெயரை எழுதினேன். நேயர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் எவரேனும் இருப்பின், நாளை வரை பொறுக்க வேண்டாம். இன்றிரவே அவரருகில் இருந்து கேளுங்கள். கேட்டதை எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.