வாயில் காக்கும் மொழி

தகுதி உள்ளவன் தேர்வில் வெல்கிறான், இல்லாதவன் தோற்கிறான், இதில் வழக்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் இன்றும் உளர். கேட்க இனிய பேச்சுத்தான். ஆனால், தகுதி என்னும் அந்தத் துலாக்கோலைச் செய்தவர் யார், அதில் எந்தப் படிக்கல்லை இட்டார் என்று நாம் திருப்பிக் கேட்டால், பேசியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து விடுகிறார். அவர் எழுந்து போகட்டும். ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம் நாம்.

கிழக்கிந்தியக் கும்பெனியின் உயர் பதவிகள், அதன் இயக்குநர்கள் தமக்கு வேண்டியவர்க்கு வழங்கும் சீர்வரிசையாக இருந்தன ஒரு காலத்தில். 1853ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டிற்று. எவரும் போட்டியிடலாம், வென்றவர் பதவி பெறலாம் என்ற புது முறைக்குத் திட்டம் வகுக்க மெக்காலே தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1854இல் அக்குழு வகுத்த மதிப்பெண் பட்டியல் இருக்கிறதே, அதனை ஒவ்வொரு மாணவனும் ஒரு முறையேனும் காண வேண்டும். மொத்தம் 6875 மதிப்பெண்கள். அவற்றுள் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500. கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. வடமொழிக்கு 375, அரபுக்கு 375. தமிழுக்கோ இடமே இல்லை! தஞ்சையையும் நெல்லையையும் ஆள வருபவன், அங்குள்ள மக்கள் பேசும் மொழியில் ஓர் எழுத்தும் அறியாமலே அந்தப் போட்டியில் வெல்லலாம். ஆளப்படும் மக்களின் மகன் வெல்ல வேண்டுமாயின், ஆள்பவன் தாய்மடியில் கற்ற மொழியை இவன் அகராதியின் துணைகொண்டு கற்றாக வேண்டும். கடல் கடந்து இலண்டன் சென்றாக வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. படிக்கட்டு மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தது.

1855இல் தேர்வு தொடங்கிற்று. எட்டு ஆண்டுகள் கழிந்து, 1863இல் வங்கத்துச் சத்தியேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராக வெற்றி பெற்றார். அவருடன் கப்பலேறிய மன்மோகன் கோஷ் இருமுறை எழுதியும் வெல்ல இயலவில்லை. பின்னாளில் அவர் பெயர் பெற்ற வழக்கறிஞர் ஆனார். அறிவில்லாதவர் என்று அவரை எவர் சொல்வார்? வயது வரம்பும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 23 என்று தொடங்கியது குறைந்துகொண்டே வந்து, 1870களின் இறுதியில் 19 ஆயிற்று. பத்தொன்பது வயதுக்குள் ஒருவன் அயல்மொழியைக் கற்று, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவனை அவன் ஊரிலேயே வெல்ல வேண்டுமாம்!

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று சொல்ல விழைகிறோம். பயிற்சிக்கூடம் சென்று ஆங்கிலம் கற்பதை இழிவாகக் கருதும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. 'இயல்பாக வராததை உருப்போட்டு என்ன பயன்?' என்று அவர்களைக் குத்திக் காட்டுவோரும் உண்டு. அதே 1870களிலும் 80களிலும் இலண்டனில் வால்ட்டர் ரென் என்பவர் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வுக்கென்றே வெள்ளைக்கார இளைஞர்கள் அங்குக் கூடினர். ஆங்கிலேயன் வீட்டில் பிறந்து, ஆங்கிலேயன் பள்ளியில் படித்து, ஆங்கிலத்திலேயே கனவு கண்டவனும், பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பின்னரே அந்தத் தேர்வுக்குச் சென்றான். அவன் பெற்றால் அது பயிற்சி, நம் பிள்ளை பெற்றால் உருப்போடுதலா?

சென்னை மாகாணத்தின் கதை வேறு வகையில் கசப்பானது. 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீசுக்குப் போட்டித் தேர்வின் வழியாகத் தேர்வானவர் 16 பேர்; அவர்களுள் 15 பேர் பார்ப்பனர். 1916 டிசம்பரில் தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை இந்தக் கணக்கை நாட்டின் முன் வைத்தது. பதினைந்து பேரும் திறமையற்றவர் என நாம் சொல்ல வரவில்லை. அவர்தம் வீடுகளில் ஆங்கில ஏடு இரண்டு மூன்று தலைமுறையாகப் புரண்டது. உழவன் வீட்டிலும் நெசவாளன் வீட்டிலும் அது புரளவில்லை. ஒருவன் ஓட்டத்தைப் பாதி வழியில் தொடங்குகிறான், மற்றவன் தொடக்கக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான், நடுவர் கடிகாரத்தை மட்டும் பார்க்கிறார்!

விடுதலைக்குப் பிறகும் இந்தப் போர் ஓயவில்லை. ஆங்கிலம் போய் அந்த இடத்தில் இந்தி மட்டும் அமர்ந்தால் வாயில் காப்போன் மாறுவானே தவிர வாயில் திறக்காது என்பதை 1965இல் தமிழ் மாணவர்கள் உணர்த்தினர். 1968இல் நாடாளுமன்றத் தீர்மானம், அனைத்திந்தியத் தேர்வுகளை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் எழுதலாம் என்ற கொள்கையை ஏற்றது. 1979இல் சிவில் சர்வீஸ் தேர்வில் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத் தாள், தேறினால் போதும் என்னும் அளவில் நின்றது. 2013இல் அம்மதிப்பெண்ணைத் தரவரிசையில் சேர்க்க முயன்றனர். எதிர்ப்பு எழுந்தது, முயற்சி கைவிடப்பட்டது. யாரும் பிடித்துத் தள்ளாமல் இந்தக் கதவு ஒரு விரற்கடை கூட நகர்ந்ததில்லை.

ஆயினும், கதவு முழுதும் திறக்கும் வரை நம் பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருக்க முடியாதே! ஆகவேதான் மாலையில் பள்ளி விட்டபின் சிலரை இருத்தி ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறோம். கைத்தறி நெய்பவர் மகன் ஒருவன். சோழர் நிர்வாகத்தைத் தமிழில் எழுதச் சொன்னால் மூன்று பக்கம் மணியாக எழுதுவான். 'ஏ' எங்கே, 'ஆன்' எங்கே என்றால் தலை குனிவான். விதியைப் பத்து முறை சொன்னோம், பயன் இல்லை. ஒருநாள் கரும்பலகையில் 'ஒரு மரம்', 'ஓர் ஊர்' என்று மட்டும் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றோம். உயிரெழுத்து வந்தால் ஓர் என்பதை அவன் ஐந்தாம் வகுப்பிலேயே அறிவான். சற்று நேரம் பார்த்தான். "அப்படியானால், ஹவர் என்பதற்கு முன் ஏன் ஆன் வருகிறது, ஐயா? எழுத்தில் ஹெச் இருக்கிறதே?" என்றான்.

"வாய்விட்டுச் சொல்லிப் பார்" என்றோம்.

"அவர்" என்றான். உடனே சிரித்துவிட்டான். யூனிவர்சிட்டிக்கு முன் ஏன் 'ஏ' என்பதை நாம் சொல்லும் முன்பே, 'யூ' உயிரொலி அன்று, யகரமெய் கலந்த ஒலி என்று அவனே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். தமிழிலேதான் எழுதினான்.