முத்துவின் குருவி

ஐப்பசி பிறந்ததும் மரம் அடர்ந்த வளவுகளின் கோடிப்புறத்தில், நிழல் கவிந்த தாழ்கிளையொன்றில் சிறு குருவி வந்து குந்தியிருக்கும். மண்ணிறம், பெரிய கண். சத்தமே இராது. பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்துவிட்டு மீண்டும் கிளையில் அமரும். வடகிழக்கு இந்தியா, பர்மா, தென்சீனப் பக்கங்களிலிருந்து வரும் விருந்தாளி இது. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் என்பர்.

இதன் விஞ்ஞானப் பெயர் மஸ்சிகாபா முத்துயி. யார் இந்த முத்து?

1846இல் இலங்கை வந்த எட்கார் லியோபோல்ட் லேயார்ட் என்ற ஆங்கிலேயரின் பணியாள். பருத்தித்துறையில் ஒரு காலைப்பொழுதில் இக்குருவியைத் துரையிடம் கொண்டுவந்தவர் அவரே. (அந்நாளில் பறவை பார்ப்பதென்றால் பெரும்பாலும் சுட்டுப் பார்ப்பதுதான்!) தமக்குக் கிடைத்த சிறந்த பறவைகள் பலவற்றுக்கு முத்துவின் பொறுமையே காரணம் என்பதை லேயார்ட் மறைக்கவில்லை. 1854இல் இக்குருவியை விவரித்து எழுதியபோது அவர் பெயரையே அதற்குச் சூட்டினார். பதவியாளர்களுக்கும் சீமாட்டிகளுக்கும் பறவைகளைப் பங்கிட்ட காலத்தில் இது சின்னக் காரியமல்ல.

ஆங்கிலத்தில் இதனை லேயார்டின் ஈப்பிடிப்பான் என்றும் சொல்வதுண்டு. லேயார்ட் இட்ட பூட்டாலிஸ் என்ற முற்பெயரை விஞ்ஞானிகள் பின்னர் மாற்றிவிட்டார்கள். முத்துவின் பெயர் அப்படியே இருக்கிறது.