உயிலும் கொலையும்: இந்திய மாளிகைத் துப்பறியும் கதையின் சட்டப் பின்புலம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799இல் கொள்ளைபோன வைரம் ஒன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மாளிகையில் காணாமல் போகிறது. வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ நாவல் இப்படித்தான் நகர்கிறது. ஒரே கூரையின் கீழ் சந்தேகத்துக்குரிய சிலர், வெளியிலிருந்து வரும் துப்பறிவாளர் என்ற அமைப்பு அதன்பின் ஆங்கிலத்தில் வேரூன்றியது. அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வந்தபோது அதன் நடுவே ஓர் உயில் இருந்தது. வீட்டுத் தலைவர் உயிலை மாற்றுமுன் இறந்தால் ஒருவருக்கு லாபம், மாற்றியபின் இறந்தால் இன்னொருவருக்கு. மாளிகைக் கொலைக் கதையை இயக்குவது இந்தக் கால நெருக்கடிதான். சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைக்கும் உரிமை இங்கிலாந்தில் இயல்பானது. இந்தியாவில் அது ஊருக்கு ஊர் வேறுபட்டது. இக்கதை வடிவம் இங்கே வளர்ந்த விதத்தையும் அந்த வேறுபாடே பெரிதும் வழிநடத்தியது என்பது என் வாதம்.

வங்காளத்தில் வழங்கியது ஜீமூதவாகனரின் தாயபாக முறை. தந்தை உயிரோடிருக்கும்வரை சொத்து முழுக்க அவருடையது. மகனுக்குப் பிறப்புரிமை கிடையாது. விக்ஞானேசுவரரின் மிதாட்சரம் ஆண்ட தென்னாட்டிலோ மூதாதையர் சொத்தில் மகன் பிறந்தவுடனே பங்காளி. பாகம் பிரியாத ஒருவர் தம் பங்கைக்கூட உயிலில் எழுத முடியாது. அவர் இறந்தால் அது மற்றப் பங்காளிகளைச் சேரும். அத்தகைய வீட்டில் கொலையின் லாபம் எல்லாருக்கும் பரவிவிடுகிறது. ஆளுக்கொரு நோக்கமும் இல்லை, நாள் நெருங்கும் பதற்றமும் இல்லை. உயில் என்ற தாளுக்கும் இதே கதிதான். 1870ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம், எழுத்தும் சாட்சிகளும் வேண்டும் என்ற விதியை வங்காள மாகாணத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே விதித்தது. தஞ்சையிலோ மதுரையிலோ 1927 வரை வாய்மொழி உயிலும் செல்லும். திருடவும் திருத்தவும் ஒரு தாள் இருந்தால்தானே துப்பறிவாளருக்கு வேலை?

தாயபாகம் வழங்கிய வங்காளத்தில், துப்பறிவாளர் ப்யோம்கேஷை நாயகனாகக் கொண்ட சரதிந்து பந்தோபாத்யாயின் கதைகள் 1930களின் தொடக்கத்தில் வரத் தொடங்கின. அவற்றுள் ‘அர்த்தமனர்த்தம்’ என்ற ஆரம்பகாலக் கதையில், மனநிலைக்கேற்ப உயிலை மாற்றி மாற்றி எழுதும் பணக்கார முதியவர் ஒருவர் தூக்கத்தில் கொல்லப்படுகிறார். வீட்டில் வளரும் உறவுப் பிள்ளைகள் எல்லாரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். கடைசி உயில் யார் பெயரில் என்பதே புலனாய்வின் மையம். இந்திய வீட்டுக்கு இவ்வளவு பொருந்திய மாளிகைக் கொலைக் கதை அதற்குமுன் அரிது என்றே கருதுகிறேன்.

கல்கத்தாவில் அச்சகமும் ஆங்கிலப் படிப்பும் முந்தி வந்தன, பிரியநாத் முகோபாத்யாயின் ‘தாரோகர் தப்தர்’ என்ற குற்றக் கதைத் தொடர் 1890களிலேயே வாசகரைப் பழக்கியிருந்தது, காரணம் அதுவே என்று மறுக்கலாம். ஆனால் தமிழும் பின்தங்கியிருக்கவில்லை. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908இலேயே துப்பறியும் கோவிந்தனோடு வந்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவிக் குவித்தார்கள். செல்வாக்கு இரு மொழிகளுக்கும் பொது. எனினும் ‘ராஜாம்பாள்’ கதையில் குற்றத்தைப் பிறப்பிப்பது சொத்தல்ல, திருமணம்: ஒரு பெண்ணை யார் மணப்பது என்ற போட்டி. ஒருவர் தாமே ஈட்டிய சுயார்ஜித சொத்தை மிதாட்சரத்திலும் உயிலில் எழுதலாமே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஏற்கத்தான் வேண்டும். ப்யோம்கேஷ் கதையின் முதியவரும் பெற்ற பிள்ளைகள் இல்லாதவரே. ஆனால் நான் பேசுவது தனி வழக்கின் சாத்தியத்தை அல்ல, வாசகரின் பழக்கத்தை. ஒரு மனிதரின் கையெழுத்து குடும்பத்தையே புரட்டிவிடும் என்ற அச்சம் தாயபாக வீட்டில் அன்றாடம் இருந்தது. தமிழ் வாசகர் அறிந்தது பாகப்பிரிவினைச் சண்டை.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கை உயிலில் எழுதும் உரிமையை அதன் 30ஆம் பிரிவு மிதாட்சரத்தாருக்கும் தந்தது. கிறிஸ்டி 1939இல் எழுதிய, பத்து அந்நியர்கள் தீவில் ஒவ்வொருவராக மடியும் நாவலைத் தழுவிய இரு படங்களை அதன்பின் காண்கிறோம். இந்தியில் வந்த ‘கும்நாம்’ (1965) அந்நியர்களை அந்நியர்களாகவே வைத்துக்கொண்டது. எஸ். பாலச்சந்தரின் ‘நடு இரவில்’ (1970) அவர்களை ஒரு பணக்காரரின் உறவினர்களாக்கியது. அவர் சாகப்போகிறார் என்று கேட்டு வந்து கூடுகிறார்கள். இந்த மாற்றத்தை வெறும் குடும்பச் சென்டிமென்ட் என்று தள்ளிவிட முடியாது. தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாற்றை எழுதுவோர் கோனன் டாயிலோடு நின்றுவிடாமல் சொத்துரிமைச் சட்டத்தையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும்.