தபால் மூட்டையும் இரண்டு விமானங்களும்

கதை எழுதுகிறவர்களுக்கு விமானி என்றால் ஒரு தனி மோகம் உண்டு. மேகத்தைக் கிழித்துக்கொண்டு போகிறவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் ஒரு சின்னச் சரக்கு விமானக் கம்பெனியின் கதையை உள்ளபடி சொல்லப் புகுந்தால், வீரத்துக்கு அதில் கிடைக்கிற இடம் கொஞ்சம்தான். பெட்ரோல் டின், தராசு, கடிகாரம், எண்ணெய்க் கறை படிந்த துணி, இவைதாம் அந்தக் கதையின் பெரும் பகுதி. 1932-ஆம் வருஷம் நம் நாட்டில் தொடங்கிய டாட்டா விமானத் தபால் சர்வீஸின் கதை அப்படிப்பட்டது.

1929-லேயே லண்டனிலிருந்து கராச்சிக்கு இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் தபால் கொண்டுவர ஆரம்பித்துவிட்டன. கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்த கடிதம், பம்பாய்க்கோ சென்னைக்கோ போக வேண்டுமானால் கராச்சியில் இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்! இந்த வேடிக்கையைக் கவனித்தவர் நெவில் வின்ட்சென்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை பார்த்தவர். இந்தியாவுக்கு வந்து ஊர் ஊராகப் பறந்து, காசு கொடுத்தவர்களை ஏற்றி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊர் மைதானத்தில் விமானம் இறங்கும், எங்கே இறங்காது என்பது அவருக்கு அநுபவத்தில் தெரியும். அவரிடம் திட்டம் இருந்தது, பணம் இல்லை.

பணம் இருந்த இடத்தில் ஜே. ஆர். டி. டாட்டா இருந்தார். வயது இருபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது. 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியாவில் விமானி லைசென்ஸ் முதல் நம்பரைப் பெற்றவர் அவர்தாம். குடும்பத்தின் பெரியவரான சர் தோராப்ஜி டாட்டாவுக்கு இந்த விஷயத்தில் உற்சாகம் இல்லை. கம்பெனியின் டைரக்டர் ஜான் பீட்டர்ஸன் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். போட்ட முதல் சுமார் 2 லட்சம் ரூபாய்.

சர்க்காரிடம் மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. பேச்சு வருஷக் கணக்கில் இழுத்தது. கடைசியில் டாட்டா தரப்பில், "மானியமே வேண்டாம், சுமக்கிற தபாலுக்குக் கூலி கொடுத்தால் போதும்" என்ற நிலைக்கு இறங்கி வந்த பிறகு, 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இதன் பொருளை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருப்புப் பாதை போட்ட ஆங்கிலக் கம்பெனிகளுக்கு, ரயிலில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் போட்ட பணத்துக்கு வட்டி தருவதாகச் சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருந்தது. விமானத் தபாலுக்கு அந்தச் சலுகை இல்லை. மூட்டை ஊர் போய்ச் சேர்ந்தால் கூலி, இல்லாவிட்டால் நஷ்டம். கூலிக்கு வண்டி ஓட்டுகிறவனின் பிழைப்புத்தான்.

செப்டம்பரில் தொடங்குவதாக இருந்தது. மழை அதிகமாகப் பெய்து ஜுஹுவில் இறங்கும் இடம் சேறாகிவிட்டதால் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. அக்டோபர் 15-ஆம் தேதி காலை கராச்சியிலிருந்து டாட்டாவே ஒரு 'பஸ் மாத்' விமானத்தில் புறப்பட்டார். உடன் சென்ற தபால் 55 ராத்தல். அகமதாபாத்தில் இறங்கியபோது, அவருக்கு வேண்டிய பெட்ரோல் நாலு காலன் டின்களில் மாட்டு வண்டி ஏறி வந்தது! ஆகாயத்தில் மணிக்கு நூறு மைல் போகிற வாகனம், தரையில் மாட்டின் நடையை நம்பி நின்றது. மத்தியானம் சுமார் இரண்டு மணிக்குப் பம்பாய். அங்கே காத்திருந்த இரண்டாவது பஸ் மாத்தில் மூட்டைகளை மாற்றிக்கொண்டு வின்ட்சென்ட் கிளம்பினார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். இரவில் இறங்க மைதானங்களில் விளக்கு ஏது? சூரியன் அஸ்தமித்தால் சர்வீஸும் அஸ்தமித்துவிடும்.

கம்பெனியின் சொத்தைக் கணக்கெடுத்தால் ஒரு கையில் அடங்கிவிடும். விமானங்கள் இரண்டு, விமானிகள் மூவர், மெக்கானிக்குகள் மூவர். பெரிய கம்பெனியில் ஒரு யந்திரம் படுத்துவிட்டால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. இங்கேயோ பாதிக் கம்பெனியே படுத்துவிடும். வாரம் ஒரு முறை போக, ஒரு முறை வர, சுமார் 1,300 மைல் பாதை. அதில் இன்ன நாள் இன்ன நேரத்துக்கு மூட்டை வந்து சேரும் என்று தபால் இலாகாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த வாக்குத்தான் கம்பெனியின் உண்மையான மூலதனம்.

பஸ் மாத் ஒரே யந்திரம் உள்ள சின்ன விமானம். விமானி போக இரண்டு பேர் உட்காரலாம். 1930-க்கும் 1933-க்கும் இடையே உலகத்தின் வேறு பாகங்களில் இந்த ஜாதி விமானங்கள் சில, பறக்கும்போதே இறக்கை முறிந்து விழுந்தன. இங்கிலாந்தில் விசாரணை நடத்தி, பிறகு சட்டங்களைப் பலப்படுத்தினார்கள். வாரந்தோறும் ஏறிப் போகிறவனுக்கும், அவனை அனுப்பிவிட்டு மைதானத்தில் நிற்கிறவனுக்கும் அந்தச் செய்திகள் எப்படிப் பட்டிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே தெரிகிற ரயில் பாதையும் ஆறும் கடற்கரையுந்தான் வழிகாட்டி. புறப்பட்ட விமானம் வந்து இறங்குகிற வரைக்கும் அது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, தரையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும். இறக்கைத் துணியில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். டின் பெட்ரோலில் தண்ணீரும் தூசியும் கலந்திருக்கும். மெல்லிய தோலில் வடிகட்டி ஊற்றுவது அந்தக் காலத்து வழக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனால், காட்டுக்கு மேலே யந்திரம் நின்றுவிடும்.

பிறகு பாரத்தின் பிரச்னை. பெட்ரோலை அதிகமாக ஊற்றினால் தூரம் போகலாம், ஆனால் மூட்டையைக் குறைக்க வேண்டும். மூட்டையை ஏற்றினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். கூலி தருவது மூட்டை; கொண்டு சேர்ப்பது பெட்ரோல்! நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் விமானத்துக்குத் தூக்கும் சக்தியும் குறையும். ஆகவே, தராசு முள் சொன்னதே சட்டம். எப்போதாவது பிரயாணி வந்தால், தபால் மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்து போக வேண்டியிருந்தது. கடிதத்துக்குத்தான் முதல் மரியாதை.

மழைக்காலம் வந்தால் இன்னொரு கூத்து. ஜுஹு மைதானம் என்பது கடலை ஒட்டிய சேற்று நிலம். கூரை வேய்ந்த ஒரு கொட்டகைதான் அங்கே ஆபீஸ். மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஓடுபாதை நீருக்குள் போய்விடும். உடனே விமானங்கள், விமானிகள், மெக்கானிக்குகள், கருவிகள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பூனாவுக்குக் குடிபெயரும். அங்கே எரவாடாச் சிறையின் நிழலில் ஒரு மைதானம் கிடைத்தது. 1932 செப்டம்பரில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த அதே சிறைதான். மழை நின்ற பிறகு மறுபடியும் ஜுஹு. வருஷத்துக்கு இரண்டு முறை வீடு மாற்றுகிற குடும்பம் எத்தனை பாத்திரத்தைத் தொலைக்கும் என்று குடித்தனக்காரர்களுக்குத் தெரியும். இவர்கள் ஒரு நாள் தபாலைக்கூடத் தொலைக்கவில்லை.

முதல் முழு வருஷத்தின் கணக்கு இது: பறந்தது 1,60,000 மைல்; சுமந்த தபால் சுமார் 10 டன்; பிரயாணிகள் 155 பேர்; லாபம் சுமார் 60,000 ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசியின் பாரந்தான் வருகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடு! நேரம் தவறாமையோ நூற்றுக்கு நூறு. சர்க்காரின் விமானப் போக்குவரத்து இலாகாவே தன் அறிக்கையில் இதைப் புகழ்ந்து, இம்பீரியல் ஏர்வேஸ் தன் ஆட்களை டாட்டாவிடம் அனுப்பி, காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்து வரச் சொல்லலாம் என்று கேலியாக எழுதிற்று. மானியம் தர மறுத்த சர்க்கார், பாராட்டைத் தாராளமாகவே கொடுத்தது.

பிறகு சர்வீஸ் வளர்ந்தது. 1935-ல் திருவனந்தபுரம் வரை பாதை நீண்டது. 1938-ல் சாம்ராஜ்யத் தபால் திட்டத்தில் சேர்ந்தபோது பெரிய விமானங்கள் வந்தன. 1942-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வரும் வழியில் வின்ட்சென்ட் யுத்தத்துக்குப் பலியானார். கம்பெனி 1946-ல் ஏர் இந்தியா என்று பெயர் மாறி, 1953-ல் சர்க்கார் கைக்குப் போய், 2022 ஜனவரியில் டாட்டாவிடமே திரும்பி வந்தது. டாட்டாவின் பெயரும் வின்ட்சென்டின் பெயரும் புத்தகங்களில் இருக்கின்றன. மெக்கானிக்குகளைப் பற்றி மட்டும் பெரும்பாலும் "மூன்று பேர்" என்ற எண்ணிக்கையே காணப்படுகிறது.

எனக்கு அந்த மூன்று பேரிடந்தான் மதிப்பு அதிகம். விமானி வானத்தில் தைரியத்தைக் காட்டலாம். அதைப் பார்க்க ஆள் உண்டு. காலை இருட்டில் பெட்ரோலை வடிகட்டுகிறவன் சோம்பியிருந்தால், அந்த நூற்றுக்கு நூறில் ஒன்று குறைந்திருக்கும். இன்றைக்கு ஒரு பெரிய சரக்கு விமானம் ஒரே தூக்கில் நூறு டன்னுக்கு மேல் சுமக்கிறது. அந்த முழு வருஷத்துத் தபாலும் அதன் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனால் நூறு டன்னும் அந்த 55 ராத்தலும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டவை. சொன்ன நேரத்துக்கு வராத சரக்கு, எவ்வளவு வேகமாகப் பறந்து வந்தால்தான் என்ன?