இசை வேளாளர்: புதுக்கோட்டை வட்டாரக் கலைமரபும் பிரதிநிதித்துவமும்

இசை வேளாளர் என்பது, கோயிலையும் அரண்மனையையும் சார்ந்து ஆடல், பாடல், நட்டுவாங்கம், நாகசுரம், தவில் ஆகியவற்றைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டில் தமக்கு வைத்துக்கொண்ட பொதுப்பெயர். அதற்கு முன் தொழிலே அடையாளமாக இருந்தது. பெண்கள் ஆடும் குழு சின்ன மேளம். நாகசுரமும் தவிலும் வாசிக்கும் குழு பெரிய மேளம். புதுக்கோட்டை நகரை ஒட்டிய திருக்கோகர்ணமும் அதைச் சூழ்ந்த குடுமியான்மலை, விராலிமலை, திருமயம் ஆகிய ஊர்களும் இம்மரபின் வரலாற்றில் முக்கியமானவை. கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் எழுந்து பேசியவர், அந்த ஒழிப்பை அங்கேயே எதிர்த்தவர், மிருதங்க மேடையேறிய முன்னோடிப் பெண், கடைசி தேவரடியார்களுள், அதாவது தேவதாசிகளுள், ஒருவராகப் பத்மஸ்ரீ பெற்றவர் ஆகிய நால்வரும் இந்த ஒரே வட்டாரத்தவர். கலை யாருடையது, மேடை யாருடையது, கலைஞருக்காகப் பேசுபவர் யார் என்ற மூன்று கேள்விகளும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை பெற்ற வரலாறு இது.

கோயிலும் பங்கும்

திருக்கோகர்ணத்தில் உள்ள கோகர்ணேசுவரர் கோயில் குடைவரையைக் கருவறையாகக் கொண்டது. குடுமியான்மலையில் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. ‘பரிவாதினி’ என்ற யாழ்வகையின் பெயரைக் குறிக்கும் சிறு பொறிப்புகள் இவ்வட்டாரக் குடைவரைகளில் காணப்படுகின்றன. இசையைக் கல்லில் எழுதி வைத்த நிலம் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

ஆடல் மகளிரின் பொருளாதார நிலையைக் காட்டும் பெரிய சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் அளித்ததைக் கல்வெட்டு பெயர் பெயராகப் பதிந்துள்ளது. பாண்டியர் காலக் குடுமியான்மலையில் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் அம்மன் சந்நிதி எழுப்பினார். கொடை பெற்றவர் மட்டுமல்லர், கொடை கொடுத்தவர் என்ற நிலையிலும் இப்பெண்கள் கல்வெட்டில் இடம்பெறுகிறார்கள். சொத்து, கல்வி, கலை மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. ஆனால் அந்த உரிமை கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டது. ஊழியம், பெண்ணைத் தெய்வத்துக்கு மணமுடிக்கும் பொட்டுக்கட்டும் சடங்கோடு கட்டப்பட்டது. பிற்கால விவாதம் முழுவதும் இந்த முடிச்சைச் சுற்றியே நடந்தது.

சமஸ்தானக் காலம்

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள். மன்னர்கள் தங்களைப் ‘பிரகதாம்பாதாஸ்’, அதாவது அம்மனின் அடியார், என்று குறித்துக்கொண்டார்கள். சமஸ்தானம் அச்சிட்ட செப்புக் காசின் ஒருபுறம் அமர்ந்த கோலத்தில் அம்மன். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து இக்காசையும் மக்களுக்கு வழங்கினார்கள். அம்மன் காசு என்றும், அம்மனுக்கு அரைக்காசு அம்மன் என்றும் பெயர் நிலைத்தது. மன்னனும் அம்மனுக்கு அடிமை, பொட்டுக்கட்டிய பெண்ணும் தேவரடியாள். சொல்லளவில் இருவரும் ஒரே நிலை. ஒருவருக்கு அந்தச் சொல் பட்டமாயிற்று. மற்றவருக்கு அதுவே காலப்போக்கில் வசைச்சொல்லாயிற்று.

இந்தச் சமஸ்தானத்தில்தான் லயத்துக்கெனப் ‘புதுக்கோட்டைப் பாணி’ உருவானது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவராக மதிக்கப்படும் மாமூண்டியா பிள்ளை (1859–1922), அரண்மனையில் விளக்கேந்தும் வேலை பார்த்தவர் என்று சொல்லப்படுகிறது. அவருடைய மாணவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயர் பெற்றார். மாமூண்டியா பிள்ளையின் வழியில் வந்த பழனி முத்தையா பிள்ளையும் அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இப்பாணியைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார்கள்.

இரு புதுக்கோட்டையாரின் விவாதம்

சு. முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். தாயின் குலம் மற்றொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். மாணவர் கண்ணில் படாதபடி வகுப்பறையில் மறைப்பு கட்டி, அதன் பின்னால் அவரை உட்கார வைத்தார்கள். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி சென்று 1912இல் பட்டம் பெற்றார்.

இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத்தலைவரானார். அதே ஆண்டு நவம்பரில், கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவரை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. அவர் 1887இல் திருமயத்தில் பிறந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர். கோயில் மரபும் கலையும் காக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம்.

விவாதத்தில் மூன்றாவது தரப்பும் இருந்தது. சென்னையில் தேவதாசிகளே சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். எங்களை விலைமாதரோடு சேர்த்து எண்ண வேண்டாம், கல்வி கொடுங்கள், கலையைப் பறிக்க வேண்டாம் என்பது அதன் சாரம். இதற்கு நேர்மாறாக, அதே சமூகத்தைச் சேர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) இம்முறையின் கொடுமையை மேடைதோறும் பேசினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலையும் வெளியிட்டார். ஆகவே ஒழிப்பா காப்பா என்பது வெளியாருக்கும் உள்ளாருக்கும் இடையே நடந்த சண்டை அன்று. சமூகத்துக்குள்ளேயே இரு குரல்கள் இருந்தன.

1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தம், கோயில் ஊழியத்துக்காகப் பெற்ற மானிய நிலத்தை ஊழியத்திலிருந்து விடுவித்தது. முழுத்தடைச் சட்டம் 1947இல்தான் வந்தது. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம் என்பதால், தன் மண்ணின் மகள் சென்னையில் முன்னெடுத்த சட்டங்கள் அந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகே சென்னை மாகாணத்தின் ஆட்சி அங்கு வந்தது.

சதிர் பரதநாட்டியமானது

சட்டமன்றத்தில் கலைஞர்களின் வாழ்க்கை விவாதிக்கப்பட்ட அதே ஆண்டுகளில் சபாக்களில் அவர்களின் கலை மறுமதிப்புப் பெற்றது. 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, 1931இல் கல்யாணி அம்மாளின் மகள்களான இராஜலட்சுமி, ஜீவரத்தினம் இருவரின் சதிரை, அதாவது தேவதாசிகள் ஆடிவந்த ஆடலை, மேடையேற்றியது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் இதற்கு முன்னின்றார். சதிர் என்ற பெயருக்குப் பதில் பரதநாட்டியம் என்ற பெயரை அகாடமி 1932இல் ஏற்றது. 1935 டிசம்பரில் அடையாற்றில் ருக்மிணி தேவி அரங்கேறினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா தோன்றியது. அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்.

பிராமண, மேல்தட்டுக் குடும்பப் பெண்கள் ஆட வந்தபோது கலைக்குக் கௌரவம் வந்தது. ஆண் நட்டுவனார்கள் ஆசிரியர்களாக நிலைத்தார்கள். மரபுக் குடும்பத்துப் பெண்களோ சலங்கையைக் கழற்றினார்கள். பலர் ஊர்ப்பெயரையும் தாய்வழி அடையாளத்தையும் விட்டுவிட்டுத் திருமண வாழ்க்கைக்குள் மறைந்தார்கள். மறையாமல் நின்றவர்களுள் தலையாயவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984). வீணை தனம்மாளின் பேத்தியான அவர், கலையைத் தூய்மைப்படுத்துகிறோம் என்ற வாதத்தை ஏற்க மறுத்தார். 1973இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) வேறொரு வழியில் இடம் பிடித்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் பணத்தில் கோயிலாக்கியவர் அவர். ஆனால் அங்கு நடந்த தியாகராஜ ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. பெண்களை மட்டும் கொண்டு தனியே ஆராதனை நடத்தினார்; தனித்தனியே ஆராதனை நடத்திய எல்லாப் பிரிவுகளும் 1940இல் ஒன்றாயின.

மிருதங்கம்: வாசிக்கும் கையும் செய்யும் கையும்

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் 1910இல் நட்டுவனார் குடும்பத்தில் பிறந்தவர். தட்சிணாமூர்த்தி பிள்ளையிடம் மிருதங்கம் கற்று மேடையேறினார். பெண் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவே ஆண் வித்துவான்கள் பலர் மறுத்த காலம் அது. ஒரு பெண் அந்த வாத்தியத்தையே மடியில் வைத்து வாசித்தது, மேடையின் கணக்கையே மாற்றிய செயல். ஊர்ப்பெயரைப் பெயரின் முன்னே வைக்கும் வழக்கப்படி திருக்கோகர்ணம் என்ற சொல் கச்சேரி உலகில் ஒரு பெண்ணின் பெயராகவே நின்றது.

மிருதங்கத்துக்கு இன்னொரு மறைந்த வரலாறும் உண்டு. அதன் இரு முகங்களுக்கும் வாருக்கும் பசு, ஆடு, எருமை ஆகிய மூன்றின் தோலும் தேவை. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துச் சுருதிக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். இவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்ற ஆங்கில நூலாக வெளியிட்டார். அதன் வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா பின்னர் அனுமதியை விலக்கிக்கொண்டது. இசை வேளாளர் தமக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பேசும்போது, அவர்கள் மடியிலிருந்த வாத்தியத்தைச் செய்தவர் இடம் அதைவிடக் கீழே இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பகுதி.

திரையும் அரசியலும்

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரைக் கொண்டு 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’, இச்சமூகத்தை வெள்ளித்திரையில் நிறுத்திய படம். நாகசுரக்காரராகச் சிவாஜி கணேசனும் ஆடல்மகளாகப் பத்மினியும் நடித்தார்கள். படத்தில் ஒலித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம். மூச்சு ஒருவருடையது, முகம் வேறொருவருடையது.

முகத்தை முன்னே கொண்டுவந்தவர் திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). மேலுடம்பைத் திறந்து, துண்டை இடுப்பில் கட்டி நிற்பதே நாகசுரக்காரர் காட்ட வேண்டிய மரியாதை என்றிருந்த காலத்தில், கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் அமர்ந்து வாசித்தார். திருக்குவளையில் 1924இல் இதே சமூகத்தில் பிறந்த மு. கருணாநிதி, சிறுவயதில் நாகசுரம் கற்கப் போனபோது இதே துண்டு வழக்கத்தைக் கண்டு இசைப்பயிற்சியை விட்டதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அவர் 1969இல் முதலமைச்சரானார். ஐந்து முறை அப்பொறுப்பை வகித்தார். அதன் பிறகும் அவரது பிறப்பைச் சுட்டும் இழிசொல் அரசியல் மேடைகளில் ஓயவில்லை. மூவலூர் இராமாமிர்தம் பெயரில் திருமண உதவித் திட்டமும் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டமும் வந்தன. இசை வேளாளர் தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர்.

அமெரிக்க ஒப்பீடு

கலையை ஏற்று, அதை உருவாக்கியவரை விலக்கும் போக்கு இங்கே மட்டும் இருந்ததன்று. முத்துலட்சுமி தீர்மானம் கொண்டுவந்த 1927இல் அமெரிக்காவில் ‘தி ஜாஸ் சிங்கர்’ பேசும்படமாக வெளிவந்தது. வெள்ளை நடிகர் ஆல் ஜோல்சன் முகத்தில் கரி பூசிக் கறுப்பராகப் பாடினார். கறுப்பர் உருவாக்கிய இசைக்கு அரங்கு நிறைந்தது, கறுப்பருக்கு அரங்கு திறக்கவில்லை. பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கு மறுக்கப்பட, அவர் 1939 ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகப் படிகளில் நின்று ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் பாடினார். 2020இல் இசபெல் வில்கர்சன் எழுதிய ‘காஸ்ட்’ என்ற நூல் அமெரிக்க நிறவெறியைச் சாதி என்ற சொல்லாலேயே விளக்கியது.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. நிறத்தைப் பெரும்பாலும் மறைக்க முடியாது. சாதியை ஊரும் பெயரும் மாற்றி ஓரளவு மறைக்கலாம். அமெரிக்கக் கறுப்பர் கேட்டது மேடையில் இடம்; இங்கே பல பெண்கள் கௌரவத்துக்கு விலையாக மேடையையே கொடுத்தார்கள். பாலசரஸ்வதி தம் கலைக்கு உரிய வகுப்பறையை அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் கண்டார் என்பது இந்த ஒப்பீட்டின் எதிர்பாராத முடிச்சு.

இன்றைய நிலை

விராலிமலை ஆர். முத்துக்கண்ணம்மாள், சமஸ்தானத்தின் கடைசி ஆண்டுகளில் ஏழு வயதில் விராலிமலை முருகன் கோயிலில் பொட்டுக்கட்டப்பட்டவர். அக்கோயிலின் 32 தேவரடியார்களுள் எஞ்சியவர். நாள்தோறும் மலைப்படி ஏறி ஆடியும் பாடியும் ஊழியம் செய்த அவர், சதிரையும் விராலிமலைக் குறவஞ்சியையும் நினைவில் காத்துவந்தார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சதிர் என்ற பெயரை அகாடமி கைவிட்டு 90 ஆண்டுகள் ஆகியிருந்தன; விருது அவருக்குச் சதிர்க் கலைஞர் என்றே கிடைத்தது.