பெயரிட்டவர் யார்?

ஆங்கிலத்தில் 'குயர்' என்றொரு சொல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து நாட்டு எழுத்தில் அது தலைகாட்டியபோது விந்தையானது, வழக்கத்துக்கு மாறானது என்பதே அதன் பொருள். கோணல், குறுக்கு என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல்லோடு அதற்கு உறவு காட்டுவாரும் உளர். பின்னர் அது தெருவுக்கு வந்தது. திருடர்களின் குழூஉக்குறியில் கள்ள நாணயத்துக்கு அதுவே பெயராயிற்று. கடனில் மூழ்கியவன் 'குயர் தெரு'வில் குடியிருப்பதாக இலண்டன் நகரத்தார் நகையாடினர். 1894இல் குயின்ஸ்பெரி பிரபு எழுதிய கடிதமொன்றில், ஆடவரை விரும்பும் ஆடவரைச் சுட்டும் இழிசொல்லாக அது வந்து விழுந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பிரபுவோடு வழக்கில் மோதிய எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அச்சொல் கல்லாகவே வீசப்பட்டது. 1990இல் நியூயார்க் நகரத்து இளைஞர்கள், எய்ட்ஸ் நோய் தம் தோழர்களை வாரிக்கொண்டு போக அரசு வாளாவிருந்ததைக் கண்டு கொதித்தெழுந்து, அந்தக் கல்லையே பொறுக்கித் தம் அமைப்பின் பெயர்ப்பலகையில் பதித்தனர். குயர் நேஷன் என்பது அவர்கள் சூடிய பெயர். இன்று பல்கலைக்கழகங்களில் அச்சொல்லால் ஒரு துறையே நடக்கிறது.

அது கிடக்கட்டும். பொருநைக் கரையில், நாம் பேசும் தமிழில், இத்தகைய சொற்களின் கதை என்ன?

தொல்காப்பியரிடம் செல்வோம். 1920இல் திருநெல்வேலியில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொல்காப்பியத்தை உரைகளோடு அச்சிட்டுப் பரப்பியதால், அந்நூல் புலவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கி நம்மனோர் கைக்கும் வந்தது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்து பெண்மையை நாடியவரைக் குறிக்கும் பெயர் பேசப்படுகிறது. இத்தகையோர்க்குத் தனி ஈறு இல்லை. ஆயினும் அவர் உயர்திணையே என்கிறார் ஆசிரியர். இன்னும் ஒரு படி சென்று, அப்பெயர் ஆண்பால் வினைமுடிபு கொள்ளுதல் பொருந்தாது என்று விதிக்கிறார். அதாவது, 'பேடி வந்தாள்' எனலாம். 'பேடி வந்தான்' எனலாகாது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 'அவளை அவன் என்று அழைக்காதே' என்று இன்று ஒருவர் கேட்டால், இது மேனாட்டு நாகரிகம் என்று முகம் சுளிக்கிறோமே. அந்த நாகரிகம் நம் இலக்கண நூலில் விதியாகவே கிடக்கிறது.

'திரிந்த' என்கிறாரே, அது இழிவன்றோ என்று கேட்பர். பால் திரிந்தால் கெட்டது என்கிறோம், உண்மை. ஆனால் புணர்ச்சியில் பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதும் திரிபே. பொற்குடம் குறைபட்டது என்று எந்தப் புலவரும் சொன்னதில்லை.

தொல்காப்பியரைத் தொழச் சொல்லவில்லை. பின் வந்தவரைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலிலும் சேர்க்கிறார். ஒருவர் எதை விட்டார் என்று பாராமல், எதை விரும்பினார் என்று பார்த்துப் பால் வகுக்கும் நேர்மை அதில் உண்டு. ஆனால் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் ஆவர் என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டார்! மனிதரை மாட்டோடும் மரத்தோடும் வரிசையில் நிறுத்த அந்த ஒட்டுச்சொல் போதாதா? 'அது வருது பார்' என்று பேருந்து நிறுத்தத்தில் சிரிப்பவன் நன்னூல் படித்தவனல்லன். ஆயினும் அவன் வாயிலிருந்து வருவது அதே அஃறிணைதான்.

இலக்கியமும் இரு முகம் காட்டிற்று. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று 'பேடு'. வாணனுடைய நகரில் காமன் ஆடியதாகச் சொல்லப்படுவது. அங்கே அது கலை. திருக்குறளில் அவையஞ்சும் கல்வியாளனுக்கு உவமையாகப் பேடியின் கைவாள் வருகிறது. அங்கே அது கோழைமை. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற பாரதியும், தன் வரலாற்றுக் கவிதையில் அந்தக் கல்வியைப் பழிக்க எடுத்த சொல் 'பேடி'யே. அவர் சினம் அடிமைக் கல்வி மீது. அடி விழுந்ததோ அக்கல்விக்கும் அதைத் தந்தவர்க்கும் எள்ளளவும் தொடர்பில்லாத மனிதர் மீது. பெரும்புலவர் என்பதால் அடி வலிக்காமல் போகுமா?

தெருவழக்குக்கு வருவோம். நெல்லைச் சீமையில் 'பொட்டைப் பிள்ளை' என்றால் பெண் குழந்தை, அவ்வளவே. 'ரெண்டும் பொட்டைப் பிள்ளை' என்று பாட்டி சொல்வதில் வசை இல்லை. அதே சொல்லை நடை சற்று நெளிந்த ஒரு சிறுவனை நோக்கி எறிந்தால், அவன் பள்ளிக்கு வர அஞ்சுகிறான். சொல் மாறவில்லை, ஆள்தான் மாறினான். அது வசையாவதற்கு ஒரே காரணம், பெண் தாழ்ந்தவள் என்ற நினைப்பு நம் குடல் வரை ஊறியிருப்பதே. 'ஆண்மை' என்ற சொல்லே பெண்ணை இழிவுபடுத்துவது, அது அழிந்தாலன்றிப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று பெரியார் வாதிட்டதை இங்கே பொருத்திப் பாருங்கள். 'ஒன்பது' என்னும் எண் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டா. ஒன்பதாம் வாய்பாட்டைச் சொல்லச் சொன்னால் பின்வரிசையில் எழும் சிரிப்பை அடக்குவதற்குள் எனக்கு வாய்பாடே மறந்துவிடுகிறது.

இத்தனைக்கும் இதே மண்ணில்தான் சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கிறது. அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண் வேடமிட்ட ஆடவர் விடிய விடிய ஆடுகின்றனர். ஊர் கைகூப்பி நிற்கிறது. வேடம் வேறு, வாழ்க்கை வேறு என்பதை அறிவேன்; ஆடும் கலைஞர் எல்லாம் பால் மாறியவர் அல்லர். ஆனால் இரவில் சாமி முன்னால் கும்பிடத்தக்க கோலம், பகலில் கடைத்தெருவில் ஒருவரின் இயல்பாக இருந்தால் எள்ளத்தக்கதாவது எப்படி?

ஆங்கிலேய இளைஞரும் அமெரிக்க இளைஞரும் வசையையே பறித்து அணிந்தனர். தமிழர் பெரும்பாலும் வேறு வழி சென்றனர்: வசையை உதறிப் புதுப்பெயர் சூடினர். 1922இல் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏட்டில் ஏறியது அவ்வழியே. 'அலி' என்ற சொல்லுக்கு மாற்றாக 'அரவாணி' வந்தது; 2008இல் தமிழ்நாட்டு அரசு அமைத்த நலவாரியமும் அப்பெயராலேயே அமைந்தது. கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாளே தாலியறுத்து ஒப்பாரி வைக்கும் புராணச் சடங்கிலிருந்து பிறந்த பெயர் அது. கைம்மை நோன்பைக் கண்டித்து வளர்ந்த நமக்கு, ஒரு கூட்டத்தாரின் பெயரிலேயே கைம்மை ஒட்டியிருப்பது உறுத்தாமல் போகுமா? 'திருநங்கை' அந்த உறுத்தலை நீக்கிற்று. பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு ஆணாக வாழ்வோர் திருநம்பி. திருக்குறுங்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு நம்பி உண்டு. அந்தப் பெயர் ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

பெயர் மாறினால் போதுமா என்போர் தூத்துக்குடிக்குச் செல்க. 2018 அக்டோபர் 31இல் அங்கே கோவிலில் ஓர் ஆடவரும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டனர். பதிவு அலுவலகம் திருமணத்தைப் பதிய மறுத்தது. வழக்கு மதுரைக்குச் சென்றது. சிக்கல் முழுவதும் ஒரே சொல்லில் நின்றது: இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்றால் யார்? 2019 ஏப்ரல் 22இல் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அச்சொல்லின் பொருள் என்றைக்கும் உறைந்து கிடப்பதன்று, திருநங்கையும் அதில் அடங்குவார் என்று தீர்ப்பளித்தார். பதிவேட்டில் பெயர் ஏறாவிட்டால் மனைவி என்ற உரிமையைச் சட்டத்தின் முன் எடுத்துவைப்பது எப்படி? ஒரு சொல்லின் பொருள் விரிந்ததால் ஒரு குடும்பம் சட்டத்துக்குள் வந்தது.

ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 1860இல் வெள்ளையர் எழுதிய 377ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6இல் தளர்ந்தது. திருமண உரிமையையோ 2023இல் உச்சநீதிமன்றம் தர மறுத்துவிட்டது.

'குயர்' என்பதற்கு ஈடாக இன்று 'பால்புதுமையினர்' என்ற சொல் எழுத்தில் வழங்குகிறது. எனக்கு அதில் ஓர் ஐயம். தொல்காப்பியர் வினைமுடிபு வகுத்துக் கொடுத்தவர்களும் அதனுள் அடங்குவர் எனில், இதில் புதுமை எங்கே? ஆயினும் இது நன்னூலார் ஒட்டிய வால் அன்று. அம்மக்களே கையாளும் பெயர். ஐயத்தை வைத்துக்கொண்டே அப்பெயரால்தான் எழுதி வருகிறேன்.